கேட்டது கிடைத்த பிறகு

தம்மாம்
5.7.1998

அன்புள்ள சித்திகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன்னையும் நம் நஸ்லினையும் அல்லாஹ் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டும். நான் இங்கே சுகமாக இருக்கிறேன். அரபு நாட்டு வெயில்தான் ஆளை வறுக்கிறது. ரொட்டி சுடும் அடுப்புக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு வெளியே போனாலும் ஒன்றுதான், உள்ளே இருந்தாலும் ஒன்றுதான்.

சேந்தமங்கலத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் எழும்பிவிட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிகிறது. சுவர் வளர்வதைப் பார்த்து, இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்தால் கூரையும் போட்டுவிடலாம். அதுவரை கொல்லிமலை மேலே சோளக்காட்டுத் துணிக்கடையை நீ ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாய் என்பதே எனக்குப் பெரிய தைரியம். உன்னிடம் துணி வாங்கினால் அளவு குறையாது என்று சந்தையில் பேசிக்கொள்வார்களே, அதை இங்கே அறையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வருகிற ஒருவரிடம் ஒரு கேசட் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் முழுவதும் நஸ்லினுக்காக, பலாப்பழம் திருடிய கரடியின் கதை. நான் உறுமுவதைக் கேட்டு அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவளையும் பேச வைத்து ஒரு கேசட் அனுப்பு. அவள் "அத்தா" என்று கூப்பிட்டு நான் கேட்டு வருஷத்துக்கு மேலாகிறது.

துஆவில் என்னை மறக்க வேண்டாம்.
அப்துல் அலீம்

சோளக்காடு
30.8.1998

அன்புள்ள மச்சானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பக்கம் நிற்பவர் தண்ணீரை நிறையக் குடிக்க வேண்டும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இந்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் நஸ்லினுக்குக் காய்ச்சல் வந்தது. கீழே கூட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இப்போது காய்ச்சல் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இங்கே ஆடி முழுவதும் சாரல். வல்வில் ஓரி விழாவுக்கு வந்த கூட்டத்தில் குழந்தைகள் துணியும் துண்டும் நன்றாக விற்றன. கடைக்கு எதிரே அன்னாசிப்பழம் விற்கிற கண்ணாயி உங்களைக் கேட்டாள். "பாய் எப்பங்க வாராரு? அந்த ஊருல அன்னாசி கெடைக்குமா?" என்றாள். டப்பாவில் கிடைக்கும் என்றேன். நெடுநேரம் சிரித்தாள்.

கேசட் வந்து சேர்ந்தது. நஸ்லின் டேப்ரிக்கார்டரை யாரையும் தொட விடுவதில்லை. மடியிலேயே வைத்துக்கொள்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை.
சித்திகா

தம்மாம்
24.9.1998

அன்புள்ள சித்திகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகமாக இருக்கிறேன். உன் கடிதத்தில் காய்ச்சலைப் பற்றி ஐந்து வரி, அன்னாசியைப் பற்றி ஆறு வரி. என்ன காய்ச்சல்? எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள்? கரடிக் கதையைக் கேட்டு அவள் என்ன சொன்னாள் என்றுகூட நீ எழுதவில்லை.

எழுதிக் கேட்டு, பதில் வரும் வரை என் மனசு ஆறாது. அக்டோபர் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நஸ்லினைக் கூட்டிக்கொண்டு சேந்தமங்கலம் டெலிபோன் பூத்துக்கு வந்துவிடு. நான் கூப்பிடுகிறேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவளிடம் கொடுத்துவிடு.

அப்துல் அலீம்

சோளக்காடு
20.10.1998

அன்புள்ள மச்சானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

போனில் உங்கள் குரலைக் கேட்டதும் நஸ்லின் தூங்கிவிட்டாள் என்று சொன்னேன். மாலை ஐந்து மணிக்கு என்ன தூக்கம் என்று கேட்டீர்கள். மலை இறங்கும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்துக் களைத்துப் போயிருந்தாள். நீங்கள் கடைசியில் ஸலாம்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டீர்கள். மலை ஏறும் வரைக்கும் அதுவே மனதில் இருந்தது.

நீங்கள் ஆசைப்பட்டபடி அவள் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் அறை நண்பரின் தம்பி விடுமுறை முடிந்து திரும்புகிறார், அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் சந்தையில் பலா ஏற்ற வந்த ஜீப் ஒன்று பின்னுக்கு வந்து கண்ணாயியின் கூடை மேலே ஏறிவிட்டது. பழம் எல்லாம் கூழாகிவிட்டது. அவள் அதற்காகக் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை. நல்ல பெண்.

ஐந்து வேளையும் உங்களுக்காக துஆ செய்கிறேன்.
சித்திகா

தம்மாம்
18.11.1998

சித்திகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கேசட் வந்தது. முதல் தடவை அழுதுகொண்டே கேட்டேன். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"அம்மா, பேசலாமா?" என்கிறாள். நீ "பேசு கண்ணு" என்கிறாய். அவள் மறுபடியும் "பேசலாமா? இப்பப் பேசலாமா?" என்கிறாள். "என்ன சாப்பிட்டேன்னு அத்தாகிட்டச் சொல்லு" என்கிறாய். அவள் "எங்க டீச்சர் பச்சை சேலை கட்டியிருந்தாங்க" என்கிறாள். நீ கேட்டு முடிப்பதற்குள் பேசுகிறாள். நீ பேசாதபோது காத்திருக்கிறாள். அடுத்த மலையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல் அப்படிக் கத்துகிறாள்.

என் மகள் இப்படிப் பேசுகிறவள் இல்லை. என்ன நடந்தது என்று எழுது. அன்னாசிப்பழம் வேண்டாம்.

அலீம்

சோளக்காடு
10.12.1998

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும். நஸ்லின் உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இருக்கிறாள், அதை முதலில் எழுதிவிடுகிறேன். அவளுக்குக் காது கேட்கவில்லை.

வந்தது மூளைக்காய்ச்சல். காலையில் தலைவலி என்றாள். மதியம் கழுத்தை அசைக்க முடியவில்லை. நாலு மணிக்குக் கண் மேலே செருகிக்கொண்டது. பஸ் இல்லை, சாரல் வேறு. ஜீப் ஓட்டுகிற கருப்பண்ணன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். "பயப்படாதீங்கம்மா, புள்ளயக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. கீழ எறக்கறது என் பொறுப்பு" என்றார். எழுபது வளைவும் அவளை மடியில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாதி மலையில் அவள் உடம்பு விறைத்தது. அங்கேதான் கேட்டேன். "யா அல்லாஹ், உயிரை மட்டும் கொடு. மற்றது எதையும் கேட்க மாட்டேன்" என்று வாய்விட்டுக் கேட்டேன். கருப்பண்ணன் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். கண் விழித்த அன்று, "அம்மா, எல்லாரும் ஏன் சத்தமில்லாமப் பேசறாங்க?" என்று கேட்டாள். நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.

டாக்டரம்மா நல்லவர். "நரம்பு பட்டுப்போச்சும்மா. இடது காதுல கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஆறு மாசம் போகட்டும், பார்ப்போம். ஆனா பேச்சை விட்டுடாதீங்க. காது கேக்காத புள்ள பேச்சையும் சீக்கிரம் மறந்துடும். முகத்துக்கு நேரா நின்னு பேசிக்கிட்டே இருங்க" என்றார்.

அந்த ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடும், பிறகு உங்களுக்கு நல்ல செய்தியாகவே எழுதிக்கொள்ளலாம் என்றுதான் மறைத்தேன். முதலாளியிடம் உங்கள் பாஸ்போர்ட் இருக்கிறது. தெரிந்தால் அங்கே நீங்கள் என்ன செய்ய முடியும், சுவரில் முட்டிக்கொள்வதைத் தவிர? இதுவும் உண்மைதான். ஆனால் எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று பயந்ததும் உண்மை.

போன் வந்த அன்று அவள் தூங்கவில்லை. என் பக்கத்தில்தான் நின்றாள். கையை நீட்டி ரிசீவரைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. சந்தையில் அந்த ஜீப் பின்னுக்கு வந்தபோது ஊரே கத்தியது, அவள் திரும்பவில்லை. கண்ணாயி கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து இழுத்தாள். அதனால்தான் பழம் போனது.

உங்கள் கேசட்டை ஓட விட்டு, ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். "அத்தா பேசறாங்க" என்பாள். நீங்கள் உறுமுகிற இடம் வந்தால் சிரிப்பாள். அங்கே அதிர்வு பெரிது.

தொழுகையை நான் விடவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், நெற்றி தரையில் படும், மனம் படாது. எழுந்து உட்கார்ந்து கையேந்தினால் ஏன், ஏன் என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது.

என்மேல் கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

சித்திகா

சோளக்காடு
2.2.1999

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு வந்து முடிந்தது. பெருநாளும் போனது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கேசட்டும் இல்லை. உங்கள் அறை நண்பர் வீட்டுக்கு எழுதியதில் நீங்கள் வேலைக்குப் போவதாகத் தெரிந்துகொண்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதே போதும். நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

நோன்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் விடியற்காலை சுபுஹுக்குத் தொழுதுகொண்டிருந்தேன். வெளியே பனி, கதவுக்கு எதிரே மரம்கூடத் தெரியவில்லை. பக்கத்தில் ஏதோ அசைந்தது. நஸ்லின் என் பழைய தாவணியைத் தலையில் சுற்றிக்கொண்டு என் தோளை ஒட்டி நிற்கிறாள். நான் குனிந்தால் குனிகிறாள். நிமிர்ந்தால் நிமிர்கிறாள். ஸஜ்தாவில் இரண்டு பேர் நெற்றியும் ஒரே பாயில். ஓரக்கண்ணால் பார்த்தேன். உதடு அசைகிறது. நீங்கள் போவதற்கு முன் சொல்லிக் கொடுத்த அல்ஹம்து சூரா. எழுத்துப் பிசகாமல் உதட்டில் ஓடுகிறது, சத்தம் இல்லை.

நான் ஓதுவதும் சத்தமில்லாமல்தானே! பெண்கள் அப்படித்தானே தொழுகிறோம். நான் ஓதுவது அவளுக்குக் கேட்காது. அவள் ஓதுவது எனக்குக் கேட்காது. அந்தப் பாயில் மட்டும் அவளுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, மச்சான். நாள் முழுக்க நான் அவளுக்கு எதையாவது புரியவைக்கப் போராடுகிறேன். அங்கே புரியவைக்க ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது.

கையேந்தியபோது அந்த ஜீப் ஞாபகம் வந்தது. உயிரை மட்டும் கொடு என்று கேட்டேனே, கொடுத்துவிட்டான். அதற்கு நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாயி ஒரு பழம் கூடப் போட்டால் உடனே, "எதுக்குங்க, போதுங்க" என்று வாய் நிறையச் சொல்கிறேன். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவனிடம் இத்தனை மாதமும் முகத்தைத் திருப்பிக்கொண்டே தொழுதிருக்கிறேன். அன்று சொன்னேன். சொல்லச் சொல்ல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கருப்பண்ணனுக்காக, டாக்டரம்மாவுக்காக, அந்தக் கூடைக்காக. நஸ்லின் கையை இறக்கிவிட்டு, "அம்மா, முடிஞ்சுதா? பசிக்குது" என்று வீடு அதிரக் கத்தினாள். நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

கவலை தீர்ந்துவிட்டது என்று எழுதவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதைத் தூக்குகிற கையில் இப்போது பலம் இருக்கிறது.

கண்ணாயி தன் பங்குக்கு எட்டுக்கை அம்மனிடம் கோழி நேர்ந்திருக்கிறாள். "உங்க சாமிகிட்ட நீங்க சொல்லுங்க, எங்காத்தாகிட்ட நான் சொல்றேன். ரெண்டு பேருல யாரு காதுல உழுந்தாலும் சரி" என்றாள். சொல்லிவிட்டு, காது என்று சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உங்கள் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கிறேன்.
சித்திகா

தம்மாம்
20.3.1999

சித்திகாவுக்கு, ஸலாம்.

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் இரண்டு கடிதங்களும் கையில் இருக்கின்றன.

முதல் கடிதத்தைப் படித்த அன்றிலிருந்து நான் தொழவில்லை. நோன்பு வைத்தேன், அது அறையில் எல்லாரும் வைத்ததால். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் அறைக்குள் படுத்துக்கொள்வேன். கேட்டால் தலைவலி என்பேன்.

நீ நன்றி சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படிக்கவே முடியவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்? அந்தப் பச்சைப்பிள்ளை என்ன தப்புச் செய்தாள்? அவள் கேட்கவே போகாத கதையை இங்கே உட்கார்ந்து உறுமிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னிடம் மறைத்து, போனையும் அவள் கையில் கொடுக்காமல் வைத்தாயே, அதைக்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் அந்த ஜீப்பில் நீ கேட்டது மட்டும் மனதில் குத்துகிறது. உயிரை மட்டும் கொடு என்று கேட்டாயாமே. உயிரோடு சேர்த்துக் காதையும் கேட்டிருக்கக் கூடாதா?

அலீம்

சோளக்காடு
14.4.1999

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் கிடைத்தது. எழுதினீர்களே, அதற்கே அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். இதையும் படிக்க முடியாது என்று சொல்லிவிடாதீர்கள்.

காதையும் கேட்டிருக்கலாம். அந்த வளைவில் எனக்கு அவ்வளவுதான் வாயில் வந்தது. நீங்கள் அந்த ஜீப்பில் இருந்திருந்தால் உங்களுக்கும் அவ்வளவுதான் வந்திருக்கும். இதற்கு மேல் நான் பதில் சொல்ல மாட்டேன். நீங்களும் இனி இதைக் கேட்க வேண்டாம்.

தொழுங்கள் என்றும் எழுத மாட்டேன். என் மனம் திரும்ப ஐந்து மாதம் ஆனது. உங்களுக்கு எவ்வளவு ஆகுமோ, ஆகட்டும். உங்களுக்கும் சேர்த்து நாங்கள் இருவரும் தொழுகிறோம்.

இப்போது காரியத்தைக் கேளுங்கள். மறுபடியும் சேலம் போய்ப் பார்த்தோம். வலது காது போனது போனதுதான். இடது காதில் கொஞ்சம் இருக்கிறது. மிஷின் மாட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா மேஜையைப் பலமாகத் தட்டினார். நஸ்லின் கண்ணைப் பெரிதாக்கினாள். பேச்சு புரியாது, சத்தம் வருவது தெரியும், அதோடு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்றார். சேலத்திலேயே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜூனில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அங்கே ஒரு டீச்சர் நஸ்லினைத் தன் தொண்டையில் கை வைக்கச் சொல்லி, "அம்மா" என்றார். நஸ்லின் என் தொண்டையிலும் கை வைத்து, "நீயும் சொல்லு" என்றாள். மத்தியானம் வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லார் கழுத்தையும் பிடித்துப் பார்த்துவிட்டாள்.

விடுதியில் விட மனமில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டேன். தையல் மிஷினைக் கொண்டுபோகிறேன். துணிக்கடையைச் சாத்திவிடுகிறேன். வாடிக்கைக்காரர்கள் போவார்கள், போகட்டும். சேந்தமங்கலம் சுவர் நின்ற மட்டும் நிற்கும். உங்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டேன். கேட்க நேரம் இல்லை. பேச்சு ஒவ்வொரு நாளும் தேய்கிறது, "நாளைக்கு" என்பதைப் போன வாரம் "நாளக்" என்றாள்.

ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, வருவதா என்பது உங்கள் முடிவு. எங்களுக்காக என்று எதையும் செய்யாதீர்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் நாங்கள் விழுந்துவிட மாட்டோம்.

சித்திகா

தம்மாம்
29.5.1999

அன்புள்ள சித்திகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹ்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் தர வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். உண்மையாகவே நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. நீ அங்கே பள்ளிக்கூடம், அறை, தையல் மிஷின் என்று ஓடிக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே படுத்துக்கொண்டு கேள்வி கேட்கிறேன். என் மகள் எப்படி இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லையே என்று தோன்றியது. மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, எண்ணெயில் நனைத்து இரண்டு காதையும் இறுக அடைத்துக்கொண்டேன். அன்று வெள்ளிக்கிழமை.

காலையில் ரொட்டித் தட்டு எனக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மேற்பார்வை செய்கிறவர் வந்து கையை ஆட்டி ஆட்டித் திட்டினார். வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. எல்லாரும் சிரிக்கிறார்கள், எதற்கு என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை இதோடு சந்தைக்கு நடுவில் நிற்கிறாளே என்று நினைத்தேன்.

பஞ்சோடேயே ஜும்ஆவுக்குப் போனேன். பாங்கு கேட்கவில்லை, ஜனங்கள் போவதைப் பார்த்துப் போனேன். இமாம் மிம்பர் மேடையில் ஏறிப் பேசினார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் நினைத்தேன், கேட்டால் மட்டும் என்ன? அவர் பேசுவது அரபி. இரண்டு வருஷமாகக் காது கேட்டும் எனக்கு ஒரு வரி புரிந்ததில்லை. அப்படியும் தொழுகைதான் நடந்தது.

எல்லாரும் எழுந்தார்கள், எழுந்தேன். தோளோடு தோள் ஒட்டியது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் குனிந்தது உடம்பில் தெரிந்தது, குனிந்தேன். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தேன். உள்ளே ஒரே அமைதி, சித்திகா. என் மூச்சு மட்டும் எனக்குள் கேட்டது. இப்படித்தானே அவள் உன் பக்கத்தில் நெற்றியை வைத்திருப்பாள் என்று நினைத்தேன். பிழைத்தாளே, நெற்றியை வைக்க அவள் இருக்கிறாளே என்று நினைத்ததும் உடைந்துவிட்டேன். மாதக்கணக்கில் வராத வார்த்தை வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று அது மட்டும்தான். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, எனக்குத் தெரியாது. தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருந்த வயதான அரபி என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார்.

உன்னிடம் அப்படிக் கேட்டது தப்பு. அந்த ஜீப்பில் நீ தனியாக இருந்தாய், நான் அங்கே இல்லை. அதுதான் என் கோபம் எல்லாம். அதை உன் தலையில் போட்டுவிட்டேன்.

முதலாளியிடம் நீட்டிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஜூலைக் கடைசியில் பாஸ்போர்ட்டைத் தருகிறார். உங்களுக்காக என்று நான் வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சரி, எனக்காக வருகிறேன். கடையைச் சாத்தாதே. சாவியைக் கண்ணாயியிடம் கொடு, அவ்வப்போது திறந்து துணிக்குக் காற்றுப் படச் செய்யட்டும். நீ சேலத்தில் இரு, நான் மலையில் இருக்கிறேன். பிரிந்துதான் இருப்போம், ஆனால் நடுவில் கடல் இருக்காது.

அப்துல் அலீம்

சோளக்காடு
18.10.1999

அன்புள்ள சித்திகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று நீங்கள் பத்திரமாகச் சேலம் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாயங்காலம் நல்ல மழை, வளைவுகளில் மண் சரிந்திருக்குமோ என்று நினைத்தேன். கருப்பண்ணன் கீழிருந்து வந்து ரோடு சுத்தமாக இருக்கிறது என்றார். இன்று காலை முதல் ஆளாகக் கடையைத் திறந்தேன். தாவணித் துணியில் நீ சொன்ன ரகம்தான் போகிறது, நான் வாங்கி வைத்தது அப்படியே கிடக்கிறது. சிரிக்காதே.

காலாண்டு விடுமுறை இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நினைக்கவில்லை. இந்த நாட்களில் நஸ்லின் என்னைப் படுத்திய பாடு! கதை சொல்லும்போது மீசையைப் பிடித்து, "உதடு தெரியல அத்தா" என்றாள். மறுநாளே வழித்துவிட்டேன். கடைக்கு வந்தவர்கள் யாரோ புது ஆள் என்று நினைத்தார்கள். கண்ணாயி, "ஏனுங்க பாய், மீசைய வெளிநாட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்கிறாள். "நாளைக்கு" என்று நஸ்லின் முழுதாகச் சொல்கிறாள், கவனித்தாயா? அவள் டீச்சரம்மாவுக்கு என் ஸலாம் சொல்.

நேற்று பஸ் கிளம்பிய பிறகு ஏன் நின்றது என்று உனக்குப் புரிந்திருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்து கையால், என்ன என்று கேட்டாய், நான் ஒன்றுமில்லை என்று ஆட்டினேன். ஒன்றுமில்லாமல் இல்லை.

பஸ் நகர்ந்ததும் அவள் அந்தப் பக்கம் திரும்பி யாருடைய கூடையையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "நஸ்லின்!" என்று கத்திவிட்டேன். கேட்காது என்று தெரியும். தெரிந்துதான் கத்தினேன். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. டிரைவர் பயந்துபோய் பிரேக்கை அழுத்திவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எல்லாரும் திரும்பியதைப் பார்த்து அவளும் திரும்பினாள். என்னைக் கண்டதும் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையை ஆட்டினாளே, நீ பாவாடையைப் பிடித்து உள்ளே இழுத்தாயே, அப்போதுதான்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க பாய், ஏதாச்சும் உட்டுப்போச்சுங்களா?" என்றார்.

நான் பஸ்ஸைப் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"இல்லீங்க, எல்லாம் இருக்குதுங்க. நீங்க போங்க" என்றேன்.

அப்துல் அலீம்